பணியிடப் பாலியல் துன்புறுத்தல்: தாமதத்தால் தோற்ற புகாரும் அவசரத்தால் முறிந்த விசாரணையும்

புதுதில்லி: உச்ச நீதிமன்றம் இரண்டு ஆண்டு இடைவெளியில் வழங்கிய இரண்டு தீர்ப்புகள், பணியிடங்களில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் நடைமுறையில் காலம் எவ்வளவு முக்கியமானது என்பதை வெளிப்படுத்தியுள்ளன. ஒரு வழக்கில் புகார் தாமதமாக அளிக்கப்பட்டதால் விசாரணையே நடைபெறவில்லை. மற்றொரு வழக்கில் விசாரணை அளவுக்கு மீறிய வேகத்தில் நடத்தப்பட்டதால், அதன் முடிவு பல ஆண்டுகளுக்குப் பிறகு ரத்து செய்யப்பட்டது.

முதலாவது, மேற்கு வங்கத்தில் உள்ள சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர் மீது அங்கு பணியாற்றிய பெண் ஆசிரியர் அளித்த புகார். கடைசிச் சம்பவம் நடந்ததாகக் கூறப்பட்டது 2023 ஏப்ரல் மாதம். புகார் அளிக்கப்பட்டது அதே ஆண்டு டிசம்பர் 26. இடைப்பட்ட காலம் எட்டு மாதங்கள். சட்டம் அனுமதிக்கும் அவகாசம் மூன்று மாதங்கள். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதங்கள். இரண்டு எல்லைகளையும் கடந்துவிட்டதாகக் கூறி, உள்ளூர்க் குழு புகாரை நிராகரித்தது. கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்த முடிவை மாற்றினார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மீண்டும் நிலைநிறுத்தியது.

வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, ஏப்ரலுக்குப் பிறகு தாம் வகித்த பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டதும் துன்புறுத்தலின் தொடர்ச்சியே என்பது மனுதாரரின் வாதமாக இருந்தது. நீதிபதிகள் பங்கஜ் மித்தல், பிரசன்னா பி. வரலே ஆகியோர் அதை ஏற்கவில்லை. அவை நிர்வாக நடவடிக்கைகள். பாலியல் துன்புறுத்தலின் தொடர்ச்சியாகக் கருத முடியாது என்று 2025 செப்டம்பர் 12-ஆம் தேதி தீர்ப்பளித்தனர். அத்துடன் அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. தவறிழைத்ததாகக் கூறப்படுபவரை மன்னிக்கலாம், ஆனால் சம்பவம் மறக்கப்படக் கூடாது என்ற கருத்தில், இந்தத் தீர்ப்பு துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று உத்தரவிட்டனர். புகாரின் உண்மைத்தன்மை எந்த அமைப்பாலும் ஆராயப்படாத நிலையில் பிறப்பிக்கப்பட்ட இந்த உத்தரவு சட்ட வட்டாரங்களில் விவாதத்துக்குள்ளானது. புகார்தாரருக்கு விசாரணை கிடைக்கவில்லை. எதிர்மனுதாரருக்குத் தம்மை விடுவித்துக்கொள்ளும் வாய்ப்பும் கிடைக்கவில்லை.

இரண்டாவது வழக்கு கோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. துறைத் தலைவர் ஒருவர் மீது மாணவிகள் 2009-ஆம் ஆண்டு புகார் அளித்தனர். பல்கலைக்கழகக் குழு அடுத்தடுத்து அமர்வுகளை நடத்தி, சில வாரங்களிலேயே அறிக்கை அளித்தது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். வாக்குமூலங்களைப் படித்துப் பதில் அளிக்கப் போதிய அவகாசம் தரப்படவில்லை என்ற அவரது முறையீட்டை மும்பை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் ஏற்றது. நீதிபதிகள் ஏ.எஸ். போபண்ணா, ஹிமா கோலி அமர்வு 2023 மே 12-ஆம் தேதி பணிநீக்கத்தை ரத்து செய்து, விசாரணையை 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் இருந்த கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்குமாறு உத்தரவிட்டது. புகார் அளித்த மாணவிகளின் நிலையிலிருந்து பார்த்தால், 14 ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கு தொடங்கிய இடத்துக்கே திரும்பியது.

ஒரு குழு விதிகளை அறிந்து செயல்பட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விளைவு இது. ஆகவே, அந்த விதிகள் என்ன கூறுகின்றன என்பதை அறிவது அவசியமாகிறது.

பட்டேரி கிராமத்திலிருந்து நாடாளுமன்றம் வரை

இந்தச் சட்டத்தின் வேர் ராஜஸ்தானில், ஜெய்ப்பூருக்கு அருகில் உள்ள பட்டேரி என்ற கிராமத்தில் இருக்கிறது. மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம அளவிலான ஊழியராக இருந்த பன்வாரி தேவி, 1992-ஆம் ஆண்டு கைக்குழந்தை ஒன்றுக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். குழந்தைத் திருமணங்களைத் தடுப்பது அவரது பணியின் ஒரு பகுதி. அதற்குப் பழிவாங்கும் வகையில், அவ்வாண்டு செப்டம்பரில் தாம் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டதாக அவர் புகார் அளித்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1995-ஆம் ஆண்டு விசாரணை நீதிமன்றத்தால் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டனர்.

வேலையைச் செய்ததற்காகவே ஒரு பெண் தாக்கப்பட்டால் அவரைப் பாதுகாக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை எழுப்பி, மகளிர் அமைப்புகள் 'விசாகா' என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்தை அணுகின. அப்போது இதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி.என். கிர்பால் ஆகியோர் அடங்கிய அமர்வு 1997 ஆகஸ்ட் 13-ஆம் தேதி வழங்கிய தீர்ப்பில், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளைத் தானே வகுத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 14, 15, 19, 21 ஆகிய பிரிவுகளும், இந்தியா 1993-இல் ஏற்புறுதி அளித்த பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையும் அதற்கு அடிப்படையாக அமைந்தன.

தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட அந்த நெறிமுறைகளே அடுத்த 16 ஆண்டுகள் சட்டத்தின் இடத்தை நிரப்பின. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் (தடுப்பு, தடை மற்றும் தீர்வு) சட்டம் 2013 ஏப்ரல் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 'போஷ் சட்டம்' என்று அலுவலகங்களில் சுருக்கமாக அழைக்கப்படுவது இதுவே.

எது துன்புறுத்தல்?

விரும்பத்தகாத உடல் தொடுகை, பாலியல் இணக்கம் கோருதல், பாலியல் தொனியிலான பேச்சு, ஆபாசப் படம் காட்டுதல், பாலியல் தன்மை கொண்ட வேறு எந்த விரும்பத்தகாத சொல், செயல், சைகை ஆகியவற்றைச் சட்டம் துன்புறுத்தலாக வரையறுக்கிறது. இந்த வரையறையில் எடையுள்ள சொல் 'விரும்பத்தகாத' என்பதே. தொடுகை இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழக வழக்கில் 1999-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. தவறான நோக்கம் எதுவும் இல்லை என்று எதிர்மனுதாரர் கூறுவதும் முடிவான பதிலாகாது. செயலைச் செய்தவரின் நோக்கத்தைவிட, அது அப்பெண்ணால் எவ்வாறு உணரப்பட்டது என்பதே முக்கியம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில் குறிப்பிட்டது.

பதவி உயர்வு தருவதாக ஆசை காட்டுவது, வேலை போய்விடும் என்று மிரட்டுவது, பணிச்சூழலை அச்சுறுத்தும் வகையில் மாற்றுவது போன்றவை மேற்கண்ட நடத்தையுடன் சேர்ந்து நிகழும்போது அவையும் துன்புறுத்தலாகும்.

பணியிடம் என்பது அலுவலகக் கட்டடம் மட்டுமல்ல. பணி நிமித்தம் செல்லும் எந்த இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் அதில் அடங்கும். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த வீடே பணியிடம். நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், தினக்கூலி, பயிற்சியாளர், ஊதியமின்றிப் பணியாற்றும் தன்னார்வலர் என அனைவருக்கும் சட்டம் பொருந்தும். மாணவிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூடுதல் பாதுகாப்பு அளிக்கின்றன.

திரைப்படப் படப்பிடிப்புத் தளம் பணியிடமா என்ற கேள்வி கேரளத்தில் எழுந்தது. நடிகை ஒருவர் 2017-இல் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, திரைத்துறைப் பெண்களின் கூட்டமைப்பு வலியுறுத்தியதன் பேரில் மாநில அரசு நீதிபதி கே. ஹேமா தலைமையில் குழு அமைத்தது. 2019 டிசம்பர் இறுதியில் அளிக்கப்பட்ட அந்த அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் வெளியானது. இதற்கிடையே, ஒவ்வொரு படத்தின் தயாரிப்புக் குழுவும் ஒரு பணியிடமே, அங்கு உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, அரசியல் கட்சிகளுக்கும் அதன் உறுப்பினர்களுக்கும் இடையே முதலாளி - தொழிலாளி உறவு இல்லை என்பதால் அவற்றுக்கு இக்கடமை இல்லை என்றும் கூறியது. கட்சிகளையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் ஏற்க மறுத்தது. ஆகவே, முழுநேரக் கட்சிப் பணி செய்யும் ஒரு பெண்ணுக்கு இந்தச் சட்டத்தின் கதவு இப்போதும் திறக்கவில்லை.

குழு யாரால் ஆனது?

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட ஒவ்வொரு அலுவலகமும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். ஒரே நிறுவனத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் இருந்தால் ஒவ்வொரு கிளைக்கும் தனிக் குழு தேவை. தலைவர், அங்கு பணியாற்றும் மூத்த பெண் அலுவலராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். பெண்களுக்காகப் பணியாற்றும் அமைப்பைச் சேர்ந்தவரோ, இத்துறையில் அனுபவம் உள்ளவரோ ஒருவர் வெளியிலிருந்து இடம்பெற வேண்டும்.

இந்த வெளி உறுப்பினரே குழுவின் நம்பகத்தன்மைக்கு அச்சாணி. புகார் உயர் அதிகாரி மீது எழும்போது, அவருக்குக் கீழ் பணியாற்றும் உறுப்பினர்களிடம் தயக்கம் எழுவது இயல்பு. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவருக்கு அத்தயக்கம் இருக்கத் தேவையில்லை. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்து மதிப்பூதியம் வழங்குவதும் அதே நிறுவனமே. சட்டம் தீர்க்காமல் விட்ட முரண்களில் இதுவும் ஒன்று.

குழுக்கள் காகிதத்திலாவது உள்ளனவா? கோவா வழக்கை விசாரித்த அமர்வு, நாட்டின் 30 தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகளில் 16 இன்னும் உள்ளகக் குழு அமைக்கவில்லை என்ற நாளிதழ்ச் செய்தியைத் தன் தீர்ப்பில் சுட்டிக்காட்டி வருத்தம் தெரிவித்தது. மல்யுத்த வீராங்கனைகள் தில்லி ஜந்தர் மந்தரில் போராடிக்கொண்டிருந்த மாதம் அது.

புகாருக்குப் பின் என்ன நடக்கும்?

புகார் எழுத்துமூலம் அளிக்கப்பட வேண்டும். எழுத இயலாதவருக்கு உதவுவது குழுவின் கடமை. உடல்நிலை, மனநிலை காரணமாகப் பெண்ணால் அளிக்க இயலாவிட்டால் உறவினர், நண்பர், சக ஊழியர் போன்றோர் அளிக்கலாம். மூன்று மாத அவகாசம், தொடர் சம்பவங்களாக இருந்தால், கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கிடப்படும்.

புகார் கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் அதன் நகல் எதிர்மனுதாரருக்கு அனுப்பப்பட வேண்டும். அவர் பத்து வேலை நாட்களுக்குள் ஆவணங்கள், சாட்சிகள் பட்டியலுடன் பதில் அளிக்க வேண்டும். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். சாட்சிகளை வரவழைப்பது, ஆவணங்களைக் கோருவது ஆகியவற்றில் குழுவுக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. இரு தரப்பும் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள முடியாது. தலைவர் உட்படக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இல்லாமல் அமர்வு நடத்த முடியாது. தொடர்ந்து மூன்று அமர்வுகளுக்குத் தக்க காரணமின்றி வராத தரப்பைத் தவிர்த்து விசாரணையைத் தொடரலாம் அல்லது முடித்துவைக்கலாம். ஆனால் அதற்கு 15 நாள் முன்னறிவிப்பு கட்டாயம்.

90 நாட்கள் என்பது மேல்வரம்பு. விரைந்து முடிப்பதற்காக ஒரு தரப்பின் வாய்ப்பைச் சுருக்கினால் நேர்வது என்ன என்பதற்குக் கோவா வழக்கே சான்று. மறுபுறம், இது குற்றவியல் நீதிமன்றமும் அல்ல. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோல் இங்கு இல்லை. சாட்சியங்களை எடைபோட்டு எது நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்று பார்த்தால் போதும். பெரும்பாலான துன்புறுத்தல்கள் மூடிய அறையில், மூன்றாம் சாட்சியின்றி நிகழ்கின்றன என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது. அன்றைய தினமே தோழிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, திடீரெனக் கேட்ட விடுப்பு, இருக்கையை மாற்றக் கோரிய மின்னஞ்சல் போன்ற சூழ்நிலைச் சான்றுகளையும் குழு எடைபோடலாம்.

விசாரணை நடக்கும் காலத்தில், பெண் எழுத்துமூலம் கேட்டுக்கொண்டால், அவரையோ எதிர்மனுதாரரையோ இடமாற்றம் செய்யவும், அவருக்கு வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்பு அளிக்கவும் குழு பரிந்துரைக்கலாம். அவரது பணி மதிப்பீட்டை எழுதும் பொறுப்பிலிருந்து எதிர்மனுதாரரை விலக்கிவைக்கவும் விதி உண்டு. நடைமுறையில் இந்த இடைக்கால நிவாரணம் பெண்ணையே வேறு பிரிவுக்கு அனுப்புவதாகச் சுருங்கிவிடும் ஆபத்து உள்ளது. சட்டம் இரு வழிகளையும் சமமாகவே வைத்துள்ளது.

விசாரணைக்கு முன்பு சமரசத்துக்கும் இடமுண்டு. அதைக் கோரும் உரிமை புகார் அளித்த பெண்ணுக்கு மட்டுமே. பணம் கொடுத்து முடித்துக்கொள்வதைச் சமரசத்தின் அடிப்படையாக்கக் கூடாது.

விசாரணை முடிந்த பத்து நாட்களில் அறிக்கை நிர்வாகத்திடமும் இரு தரப்பிடமும் சேர வேண்டும். பரிந்துரை மீது நிர்வாகம் 60 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். முடிவை எதிர்த்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இழப்பீட்டை முடிவு செய்யும்போது மனவேதனை, இழந்த பணி வாய்ப்பு, மருத்துவச் செலவு, எதிர்மனுதாரரின் வருமானம் ஆகியவை கருத்தில் கொள்ளப்படும்.

பொய்ப் புகார் குறித்த அச்சம் இந்தச் சட்டத்தைப் பற்றிய உரையாடல்களில் அடிக்கடி எழுகிறது. தீய நோக்கத்துடன் பொய்யான புகார் அளித்தால் நடவடிக்கை எடுக்க 14-ஆவது பிரிவு வழிசெய்கிறது. ஆனால் புகாரை நிரூபிக்க இயலவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகாராகிவிடாது என்றும் அதே பிரிவு தெளிவாகக் கூறுகிறது. தீய நோக்கம் தனியே விசாரித்து நிறுவப்பட வேண்டும்.

துன்புறுத்தியவர் வேறு அலுவலகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் எந்தக் குழு விசாரிக்கும் என்ற குழப்பம் நீண்ட காலம் நீடித்தது. பெண் பணியாற்றும் அலுவலகத்தின் குழுவே விசாரிக்கலாம், எதிர்மனுதாரரின் துறை அதற்கு ஒத்துழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் விளக்கம் அளித்தது. தெரியாத அலுவலகத்தில், தம்மைத் துன்புறுத்தியவரின் சக ஊழியர்கள் முன்பு சென்று நிற்க வேண்டிய நிலை இதனால் நீங்குகிறது.

குழுவே இல்லாத இடங்கள்

பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் பணியாற்றும் கடைகள், பட்டறைகள், வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்கும், நிறுவனத்தின் உரிமையாளர் மீதே புகார் உள்ளவர்களுக்கும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவே வழி. வட்டாரம், வட்டம், நகராட்சி அளவில் நியமிக்கப்படும் தொடர்பு அலுவலர் புகாரைப் பெற்று ஏழு நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். வீட்டுப் பணியாளரின் புகாரில் முகாந்திரம் இருந்தால், குழு அதை ஏழு நாட்களுக்குள் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும்.

அமைப்பு சாராத் துறையில் உழைக்கும் பெண்களுக்கு இந்தக் குழுவே ஒரே நம்பிக்கை. சட்டத்தின் மிகப் பலவீனமான கண்ணியும் இதுவே. சட்டம் நடைமுறைக்கு வந்து 11 ஆண்டுகள் நிறைவடையும் நேரத்தில், 2024 டிசம்பர் 3-ஆம் தேதி, ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட அலுவலரை அம்மாத இறுதிக்குள் நியமிக்க வேண்டும், உள்ளூர்க் குழுக்களை 2025 ஜனவரி 31-க்குள் அமைக்க வேண்டும் என்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, என். கோட்டீஸ்வர் சிங் அமர்வு மாநிலங்களுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

குழு இருந்தும் நம்பிக்கை தராதபோது விளையக்கூடியதை ஒடிசா 2025 ஜூலையில் கண்டது. பாலசோரில் கல்லூரி மாணவி ஒருவர், துறைத் தலைவர் மீது தாம் அளித்த புகாரில் நடவடிக்கை இல்லை என்று கூறிக் கல்லூரி வளாகத்திலேயே தீக்குளித்தார். இரு நாட்களுக்குப் பின், ஜூலை 14 அன்று, மருத்துவமனையில் உயிரிழந்தார். துறைத் தலைவரும் கல்லூரி முதல்வரும் கைது செய்யப்பட்டனர்.

குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் தவறினால் தண்டனை இரட்டிப்பாகும், உரிமமும் ரத்தாகலாம். பெரிய நிறுவனத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் ஒரு கூட்ட அரங்கின் வாடகைக்குக்கூட ஈடாகாது. நிறுவனங்கள் உண்மையில் அஞ்சுவது வெளிப்படைத்தன்மைக்கே. பெறப்பட்ட புகார்கள், தீர்க்கப்பட்டவை, 90 நாட்களைக் கடந்தும் நிலுவையில் உள்ளவை ஆகியவற்றின் எண்ணிக்கையை இயக்குநர் குழு அறிக்கையில் வெளியிட வேண்டும் என்று நிறுவனச் சட்ட விதிகள் 2025 ஜூலையில் திருத்தப்பட்டது அந்த வகையில் கவனத்துக்குரியது.

காவல்துறையை அணுகும் வழி தனியாகத் திறந்தே உள்ளது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவின் கீழ் பாலியல் துன்புறுத்தல் தண்டனைக்குரிய குற்றம். பாலியல் தொனியிலான பேச்சுக்கு ஓராண்டு வரையும், மற்றவற்றுக்கு மூன்றாண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்கலாம். குழுவிடம் புகார் அளிப்பதற்கான மூன்று மாத வரம்பு இதற்குப் பொருந்தாது. பெண் காவல்துறையை நாட விரும்பினால் அவருக்கு உதவுவது நிறுவனத்தின் கடமை என்று 19-ஆவது பிரிவு கூறுகிறது.

உள்ளகக் குழு உறுப்பினர்களின் விவரத்தை அனைவரும் காணும் இடத்தில் வைப்பதும் அதே பிரிவின்படி கட்டாயம். அலுவலகத்தில் அத்தகைய அறிவிப்பு இல்லாதவர்களும், குழு இருக்கிறதா என்றே தெரியாதவர்களும், மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024 ஆகஸ்டில் புதுப்பித்து வெளியிட்ட 'ஷி-பாக்ஸ்' இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். அது உரிய உள்ளகக் குழுவுக்கோ உள்ளூர்க் குழுவுக்கோ அனுப்பப்படும். அதன் நிலையைப் புகார்தாரர் அதே தளத்தில் தொடர்ந்து பார்க்கலாம்.